செத்தவர்களைக் கணக்கில் சேர்க்காத விமர்சனம்

சென்ற இதழில் ‘வின்லாண்ட் சாகா’ அனிமே பற்றி வந்த கட்டுரை, தனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்வதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ரசனை அவரவர் உரிமை. ஆனால் கட்டுரையாளர் ரசனையைத் தாண்டி அறத்தின் மேல் தீர்ப்பு எழுதியிருக்கிறார். முதல் சீசன் போரின் உண்மையைக் காட்டியதாம். இரண்டாம் சீசன் அந்த உண்மைக்குப் பயந்து வயலுக்குள் ஒளிந்து, முதல் சீசனுக்குத் துரோகம் செய்துவிட்டதாம். வாளைக் கீழே போட்ட நாயகன் தோர்ஃபின் கோழையாம்; ரத்தம் சிந்தியாவது ராஜ்ஜியம் கட்டும் அரசன் கனூட்தான் பொறுப்புள்ள மனிதனாம். கதையில் வரும் சமாதானப் பேச்செல்லாம் கிறிஸ்தவப் பிரசங்கமாம். பதினோராம் நூற்றாண்டு வைக்கிங் ஒருவன் இப்படி யோசித்திருக்கவே முடியாதாம். இன்றைய ஜப்பானிய எழுத்தாளர் தன் கருத்தை அவன் தலையில் ஏற்றிவிட்டாராம்.

ஐந்து வாதங்கள். ஐந்தும் தவறு. ஐந்துக்கும் வேர் ஒன்றுதான். கட்டுரையாளர் இந்தக் கதை முழுவதையும் வாள் பிடித்தவனின் முதுகுக்குப் பின்னால் நின்றே பார்த்திருக்கிறார். வாளுக்கு எதிரே நின்றவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆனது என்று எட்டிப் பார்க்கவே இல்லை. அவர் கட்டுரையில் கொள்ளைக்கூட்டத் தலைவன் அஸ்கெலாட்டின் பெயர் பத்திக்குப் பத்தி வருகிறது. அடிமைப் பெண் ஆர்ன்ஹெய்ட்டின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. இரண்டாம் சீசனை விமர்சிக்க வந்தவர் ஆர்ன்ஹெய்ட்டை விட்டுவிட்டு எழுதுவது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

முதலில் ‘துரோகம்’ என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். மகோடோ யுகிமுரா 2005-இல் மாங்காவாகத் தொடங்கி 2025-இல் முடித்த கதை இது. 2019-இல் விட் ஸ்டுடியோ 24 எபிசோட்களில் முதல் சீசனை எடுத்தது. 2023-இல் மாப்பா ஸ்டுடியோ அடுத்த 24-ஐ எடுத்தது. வேறு கைக்குப் போனதால் கதை தடம் மாறிவிட்டது என்கிறார் கட்டுரையாளர். இரண்டு சீசனுக்கும் இயக்குநர் ஒருவரே, ஷுஹெய் யபுடா. தடம் மாறவில்லை என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி முதல் சீசனின் கடைசி எபிசோட். தன் அப்பாவைக் கொன்ற அஸ்கெலாட் செத்து, பழிவாங்கல் அர்த்தமிழந்து, தோர்ஃபின் வெறுங்கையோடு நிற்கும் அந்த எபிசோடின் தலைப்பு ‘முன்னுரையின் முடிவு’. இதுவரை பார்த்தது முன்னுரை, கதை இனிமேல்தான் என்று படைப்பே அறிவித்துவிட்டது. முன்னுரையோடு புத்தகத்தை மூடிவிட்டு, மீதிப் பக்கங்கள் தன்னை ஏமாற்றிவிட்டதாகப் புகார் சொல்வதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்க முடியாது.

முன்னுரையையாவது கவனமாகப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. தொடக்கத்திலேயே தோர்ஃபினின் அப்பா தோர்ஸ், தப்பி ஓடிவந்த அடிமைப் பெண் ஒருத்தியைக் காப்பாற்றப் பார்க்கிறார். குளிரில் விறைத்துப்போன அவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்தும், தேடி வந்த எஜமானுக்கு விலையாக ஆடுகளைக் கொடுத்து அவளை மீட்கிறார். சாகப்போகிறவளை விலை கொடுத்து வாங்குவது வைக்கிங் கணக்கில் முட்டாள்தனம். படைப்பின் கணக்கு வேறு என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. சில எபிசோட்களிலேயே ஃபாரோ தீவுகளில் அஸ்கெலாட் விரித்த வலையில் தோர்ஸ் சிக்கிச் சாகிறார். அதற்கு முன் வாளைத் தூக்கிக்கொண்டு பூரித்து நிற்கும் சிறுவன் தோர்ஃபினிடம் அவர் சொல்லிப்போவது ஒரே செய்தி: யாருக்கும் எதிரி என்று ஒருவன் கிடையாது, காயப்படுத்திவிடலாம் என்று சொல்லத்தக்க மனிதன் இந்த உலகில் இல்லை. மொத்தக் கதையின் விதை அதுதான். இரண்டாம் சீசனில் முளைத்ததைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று கட்டுரையாளர் கேட்கிறார். விதைத்தபோது அவர் சண்டைக் காட்சிக்காகக் காத்திருந்திருக்கிறார்.

முதல் சீசனின் ஆறாவது எபிசோடையும் நினைவுபடுத்துகிறேன். இங்கிலாந்துக் கரையில் அடிபட்டு ஒதுங்கும் சிறுவன் தோர்ஃபினை ஓர் ஆங்கிலேயப் பெண் வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சோறு போடுகிறாள். பேன் பிடித்த அவன் தலையை மடியில் வைத்துச் சீப்பால் வாரிவிடுகிறாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவன் தலையில் பட்ட முதல் அன்பான கை அது. அவன் அஸ்கெலாட்டின் கூட்டத்துக்காக வேவு பார்க்க வந்தவன். அன்றிரவு அவன் அவளைப் பார்த்து ஓடிப்போ என்று கத்துகிறான். கத்திவிட்டுத் தீயை மூட்டிக் கடலில் காத்திருக்கும் கப்பல்களுக்கு அடையாளமும் காட்டுகிறான். ஊர் எரிகிறது. அவளும் சாகிறாள். முதல் சீசன் சொன்ன ‘போரின் உண்மை’ எது? அஸ்கெலாட்டின் தந்திரமா, ராட்சத வீரன் தோர்கெல் மரத்தைப் பிடுங்கி வீசுவதா, இந்தச் சீப்பா? கட்டுரையாளர் முதல் இரண்டைப் பக்கம் பக்கமாக ரசித்திருக்கிறார். மூன்றாவது அவர் கண்ணில் படவே இல்லை.

இனி கோழைத்தனத்துக்கு வருகிறேன். எதிரி இல்லை என்று சொல்வது பலசாலிக்கு மட்டுமே கட்டுப்படியாகும் ஆடம்பரம், ஊருக்கு இளைத்தவனிடம் அதைச் சொன்னால் அது கொடுமை என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் இந்தக் கதையில் அதை யார், எப்போது, எந்த நிலையிலிருந்து சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

இரண்டாம் சீசனில் தோர்ஃபின் பலசாலியாக இல்லை. டென்மார்க்கில் கெட்டில் என்ற பண்ணையாரின் அடிமையாக இருக்கிறான். காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, நிலத்தைத் திருத்தி, கோதுமை விதைத்து, விளைச்சலை விற்றுத் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள வேண்டிய நிலை. அவனோடு மரம் வெட்டும் எய்னார், வட இங்கிலாந்து உழவன். தாயையும் தங்கையையும் வைக்கிங் கொள்ளையில் பறிகொடுத்து, சந்தையில் விற்கப்பட்டு வந்தவன். தோர்ஃபின் இங்கிலாந்தில் போர் செய்தவன் என்று தெரிந்த இரவில், தூங்கும் அவன் கழுத்தை நோக்கி எய்னாரின் கை நீள்கிறது. அந்த நேரம் தோர்ஃபின் கனவில் அலறுகிறான். நெரிக்க வந்தவனே அவனை எழுப்பிவிடுகிறான். எதிரி என்ற கருத்து இந்தத் தொடரில் உடைவது அந்தக் குடிசையில்தான். உடைத்தவன் பாதிக்கப்பட்ட எய்னார். தோர்ஃபின் அதைப் பிறகே கற்றுக்கொள்கிறான். எளியவனுக்கு இந்த அறம் கட்டுப்படியாகாது என்று எழுதியவர், அந்த அறத்தை முதலில் கையாண்டவன் எளியவனே என்பதைக் கவனிக்கவில்லை.

அந்தக் கனவு பிறகு விரிகிறது. வல்ஹல்லா என்றால் வீரர்கள் செத்தபின் போய் விருந்துண்டு விளையாடும் சொர்க்கம் என்று வைக்கிங்குகள் நம்பினார்கள். தோர்ஃபின் கனவில் காணும் வல்ஹல்லாவில் அழுகிய பிணங்கள் ஒன்றையொன்று முடிவில்லாமல் வெட்டிக்கொண்டிருக்கின்றன. அவன் கொன்றவர்கள் கீழேயிருந்து அவன் காலைப் பிடித்து இழுக்கிறார்கள். அஸ்கெலாட் தோன்றி, கொன்றவர்களையெல்லாம் சுமந்துகொண்டு மேலே ஏறு, அதுதான் உண்மையான வீரனின் போர் என்கிறான். விழித்தெழுந்த தோர்ஃபின் இனி வன்முறை இல்லை என்று சத்தியம் செய்கிறான். பயந்தவன் மறக்கப் பார்ப்பான். இவன் தான் கொன்ற ஒவ்வொருவரையும் சாகும்வரை நினைவில் வைத்திருக்க ஒப்புக்கொள்கிறான். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல, மனசாட்சியை வாழ்நாளில் ஒரு நாளும் திறந்து பார்க்காத ஒருவரால்தான் முடியும்.

சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்பதும் பொய். ஆர்ன்ஹெய்ட் கெட்டிலின் அடிமை, அவன் படுக்கைக்கும் கடமைப்பட்டவள். அவளுடைய கணவன் கார்தார் சேற்றிரும்புக்காக ஊர்கள் மோதிய போருக்குப் போனான். ஊரில் ஆண்கள் இல்லாத நேரத்தில் கொள்ளையர்கள் நுழைந்தார்கள். அவள் குழந்தை ஹியால்ட்டி செத்தது, அவள் சந்தைக்கு வந்தாள். கார்தாரும் எங்கோ அடிமையாகி, தப்பி, கொன்று, அவளைத் தேடி அந்தப் பண்ணைக்கே வந்து சேர்கிறான். அவர்களைத் தப்பவிட, பண்ணைக் காவலர் தலைவன் ஸ்நேக்கை வெறுங்கையால் மறித்து அடித்து நிறுத்துபவன் தோர்ஃபின். சத்தியம் செய்தவன்தான் அவன். கொல்லாமல் தடுக்க என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்து பார்க்கிறான். தோற்கிறான். கார்தார் சாகிறான். வயிற்றில் கெட்டிலின் பிள்ளையைச் சுமந்திருந்த ஆர்ன்ஹெய்ட்டை, அந்தக் கெட்டிலே தடியால் அடிக்கிறான். அவளும் சாகிறாள்.

கட்டுரையாளருக்கு இந்த மரணங்கள் பயன்பட்டிருக்க வேண்டும். அஹிம்சை ஆர்ன்ஹெய்ட்டைக் காப்பாற்றவில்லையே என்று அவர் கேட்டிருக்கலாம். அதுவே அவர் கேட்டிருக்கக்கூடிய ஒரே கடினமான கேள்வி. கேட்கவில்லை. அவர் கேட்காததற்கும் என் பதில் இதோ. ஆர்ன்ஹெய்ட்டைக் கொன்றது வாள்களின் சங்கிலி. இரும்புக்காகப் போருக்குப் போன கணவன், ஆணில்லாத ஊரை அடித்த கொள்ளையர், அவளை விற்ற வியாபாரி, அவளை வாங்கிய பண்ணையார், அரசனிடம் பட்ட அவமானத்தை அடிமையின் உடம்பில் தீர்த்துக்கொண்ட அதே பண்ணையார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் சமாதானத்தால் செய்யப்பட்டதில்லை. இன்னொரு வாள் அவளைக் காப்பாற்றியிருக்கும் என்று நம்புகிறவர்கள், கார்தாரின் கையிலிருந்த வாள் என்ன சாதித்தது என்று பார்க்கட்டும். படைப்பு இந்த மரணத்துக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவளுடைய சாவின் முன் நின்றே, போரும் அடிமையும் இல்லாத ஒரு நாட்டைக் கடலுக்கு அப்பால் கட்டுவேன் என்று தோர்ஃபின் உறுதி எடுக்கிறான். வாக்குறுதி அவளுக்குப் பயன்படாது என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்தக் காலதாமதத்தின் கனத்தை மறைக்காமல் நம் தலையில் வைக்கும் படைப்பைப் போய் இனிப்புத் தடவிய உபதேசம் என்கிறார்கள்.

அடுத்து கடற்கரை. கெட்டிலின் பண்ணையைப் பறிக்கப் படையோடு வந்திறங்குகிறான் கனூட். பயிற்சி பெற்ற வீரர்களுக்கு முன்னால், ஆயுதம் பிடித்துப் பழகாத குடியானவர்கள் அறுத்த கதிர்போல் விழுகிறார்கள். அரசனைப் பார்த்துப் பேச வேண்டும் என்று தோர்ஃபின் கேட்கிறான். வீரன் ஒருவனிடம் நூறு அடி வாங்கித் தாங்கினால் விடுகிறோம் என்று கேலி பேசுகிறார்கள். அடி விழுகிறது, விழுந்து எழுகிறான். மறுபடி விழுகிறான், மறுபடி எழுகிறான். முகம் வீங்கிக் கண் மூடிப்போகிறது. திருப்பி ஒரு அடி இல்லை. இவன் எப்படிப்பட்ட சண்டைக்காரன் என்பது முதல் சீசனைப் பார்த்த நமக்குத் தெரியும். திருப்பி அடிக்கத் தெரியாதவன் அடி வாங்குவது வேறு. தெரிந்தவன் வாங்குவது வேறு. சுற்றி நின்று சிரித்தவர்களின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றுபோவதை யபுடா அவசரப்படாமல் காட்டுகிறார். அந்தப் படைவீரர்களுக்கே அது வீரம் என்று விளங்கிவிடுகிறது. அவர்களைவிடப் போரைத் தெரிந்தவரா நம் கட்டுரையாளர்?

மூன்றாவது வாதம் கனூட். ஆயிரம் பேரைக் காக்க நூறு பேரைப் பலியிடும் துணிச்சல் அவனிடம் இருக்கிறது, படைப்பாளிக்கே அவன் பக்கம்தான் மனம், கடைசியில் அவனைப் பின்வாங்க வைத்தது எழுத்தாளரின் வலிந்த முடிவு என்கிறார் கட்டுரையாளர். இங்கே அவர் படைப்பையும் படிக்கவில்லை, வரலாற்றையும் படிக்கவில்லை.

படைப்பில் கனூட் தன் அண்ணன் ஹரால்டுக்கு விஷம் வைக்கிறான். கனூட்டுக்கு மட்டும் தெரியும்படி, வெட்டுண்ட அப்பன் ஸ்வெயினின் தலை அவனோடு பேசிக்கொண்டே இருக்கிறது. கிரீடம் தன் தலையில் இருப்பவனை மேலும் மேலும் கேட்க வைக்கும் என்று அது நச்சரிக்கிறது. அப்பனை வெறுத்து அரசனானவன் அப்பனாகவே மாறிக்கொண்டிருக்கிறான். எவனையும் பலியிடத் தயங்காத ‘பொறுப்பு’ ஒருவனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரம் வேண்டுமா? யுகிமுரா கனூட்டை நேசிக்கிறார், உண்மை. நேசிப்பதால்தான் அவனுக்கு இந்தத் தலையைக் கொடுத்திருக்கிறார்.

வரலாறு என்ன சொல்கிறது? ஸ்வெயின் 1013-இல் இங்கிலாந்தைப் பிடித்தான், 1014 பிப்ரவரியில் செத்தான். 1016 அக்டோபரில் அசாண்டூன் போரில் கனூட் வென்றான். ஆங்கிலேய அரசன் எட்மண்ட் அயர்ன்சைடு நவம்பரில் இறந்ததும் நாடு முழுவதும் அவன் கைக்கு வந்தது. 1018-இல் இங்கிலாந்து அவனுக்குக் கட்டிய கப்பம் 72,000 பவுண்டு. லண்டன் தனியாகக் கட்டியது அதற்கு மேல். ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேடு இதைச் சொல்லிவிட்டு அடுத்ததாகவே சொல்கிறது: படையில் ஒரு பகுதி டென்மார்க்குக்குத் திரும்பியது, அரசனோடு தங்கியவை 40 கப்பல்கள். பெரும்படையை வைத்துச் சோறு போட்டால் நாடு திவாலாகும் என்பது உண்மையான கனூட்டுக்கே புரிந்திருந்தது. யுகிமுரா அந்தக் கணக்கையே கதைக்குள் வைக்கிறார். ஆங்கிலேயர் மேல் வரியை ஏற்ற முடியாது, படைக்குப் பணம் வேண்டும், அதனால் டேனியப் பண்ணைகளைப் பறிக்கலாம் என்பது கதையில் கனூட்டின் திட்டம். படையையே குறைத்தால் பறிக்கவே வேண்டாம் என்பது தோர்ஃபினைச் சந்தித்தபின் அவன் எடுக்கும் முடிவு. இதைக் கண்ணீர்க் காட்சி என்று ஒதுக்குகிறவர் அரசியலையே கவனிக்கவில்லை. மனசாட்சி கணக்கை மாற்றிப் போடச் சொல்கிறது, கணக்கும் ஒத்துவருகிறது.

கனூட் பணியாவிட்டால் என்ன செய்வாய் என்ற கேள்விக்குத் தோர்ஃபின் சொல்லும் பதில் ஓடிப்போவேன் என்பது. கட்டுரையாளர் இதைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். முழுப் பதிலைச் சொல்ல வேண்டாமா? உன் ராஜ்ஜியத்தில் இடமில்லாதவர்களுக்கு நான் வேறோர் இடம் கட்டுகிறேன் என்பது அவன் சொல்வது. வாளை எடுத்தால் அவன் கனூட்டின் ஆட்டத்தில் இன்னொரு காயாகிவிடுவான். அந்த ஆட்டத்தையே மறுக்கிறான். மறுப்பவனிடம் அரசனுக்குப் பதில் இல்லை. அதனால்தான் கனூட் சிரிக்கிறான், அதனால்தான் கப்பலைத் திருப்புகிறான்.

நான்காவது, கிறிஸ்தவப் பிரசங்கம். இதை எழுதும் முன் கட்டுரையாளர் வில்லிபால்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம். எப்போதும் குடித்துக் கிடக்கும், நம்பிக்கை தேய்ந்துபோன பாதிரி அவர். தன்னை வளர்த்த ராக்னார் செத்தபோது, அவரைவிட என்னை நேசித்தவர் யார் என்று அழுகிறான் இளவரசன் கனூட். அது நேசமே கிடையாது, பாகுபாடு என்கிறார் வில்லிபால்ட். உன் ஒருவனைக் காப்பாற்ற ராக்னார் ஓர் ஊரே சாவதைப் பொறுத்துக்கொண்டவர் என்று நினைவுபடுத்துகிறார். பிறகு பனியில் விறைத்துக் கிடக்கும் பிணத்தைக் காட்டி, யாரையும் வெறுக்காமல், யாரிடமும் பறிக்காமல், பறவைக்கும் புழுவுக்கும் தன்னை முழுதாகக் கொடுத்துக் கிடக்கும் இதுதான் அன்பு என்கிறார். இதைக் கேட்ட இளவரசன் ஜெபம் செய்யவில்லை. இனிக் கடவுளிடம் கேட்கப்போவதில்லை, சொர்க்கத்தை மண்ணில் நானே கட்டுவேன் என்று கடவுளுக்கு எதிராகவே கிளம்புகிறான். பக்தனாக இருந்தவனைக் கலகக்காரனாக மாற்றிய இந்தக் காட்சி பிரசங்கம் என்றால், எந்தச் சபையில் இப்படிப் பிரசங்கிக்கிறார்கள் என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

வில்லிபால்ட் சொல்லும் அந்த ஊர் பதினான்காவது எபிசோடில் வருகிறது. சந்தையில் ஒரு மோதிரத்தைத் திருடிய சிறுமி, அதை மரப்பொந்தில் ஒளித்துவைத்துவிட்டு, நரகத்துக்குப் போவேனோ என்று தவிக்கிறாள். மோதிரத்தைப் பார்க்க வெளியே போன நேரத்தில் அஸ்கெலாட்டின் ஆட்கள் உணவுக்காக அவள் ஊரை மொத்தமாக வெட்டிச் சாய்க்கிறார்கள். ஒரு மோதிரத்துக்கு நரகம் என்று பயந்தவள், இவ்வளவு கொலை செய்தவர்கள் எந்தப் பயமும் இல்லாமல் நடந்துபோவதைப் பார்க்கிறாள். வானம் மௌனமாக இருக்கிறது. நம்பிக்கையைப் பற்றிய கேள்விகளில் இதைவிடக் கூர்மையானதை அனிமேயில் நான் பார்த்ததில்லை. படைப்பு வல்ஹல்லாவையும் விசாரிக்கிறது, சிலுவையையும் விசாரிக்கிறது. இரண்டுக்கும் ஒரே உரைகல்தான்: உன் கடவுள் இந்தச் சிறுமிக்கு என்ன சொல்கிறார்?

கடைசியாக, பதினோராம் நூற்றாண்டில் யாரும் இப்படி யோசித்திருக்க முடியாது என்ற வாதம். ஐந்திலும் இதுதான் மிகவும் அலட்சியமானது, ஏனென்றால் புத்தகத்தைத் திறந்து பார்த்தாலே உடைந்துவிடும். 989-இல் பிரான்சின் ஷாரூவில் கூடிய ஆயர்கள், உழவனின் மாட்டையும் கழுதையையும் ஆட்டையும் பறிப்பவனைச் சபையிலிருந்து விலக்குவோம் என்று அறிவித்தார்கள். கடவுளின் சமாதானம் என்று வரலாற்றில் பெயர் பெற்ற இயக்கம் அதிலிருந்து பரவியது. 1014-இல் யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்டன், தன் மக்களே தம் உறவுகளை அடிமையாக விற்பதைக் கண்டித்துப் பேசிய பேச்சு இன்றும் கிடைக்கிறது. பிறகு கனூட்டுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தவரும் அதே வுல்ஃப்ஸ்டன்தான்.

தோர்ஃபின் பிறந்த ஐஸ்லாந்தையே பார்ப்போம். 1000-ஆம் ஆண்டை ஒட்டி, பழைய மதத்தாரும் கிறிஸ்தவர்களும் ஆல்திங் பேரவையில் ஆயுதத்தோடு எதிரெதிர் நின்றார்கள். முடிவைச் சட்டம் உரைப்பவரான தோர்கெயிரிடம் விட்டார்கள். அவர் பழைய மதத்தைச் சேர்ந்தவர். ஒரு பகலும் ஒரு இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு எழுந்து, நாட்டுக்கு ஒரே சட்டம் வேண்டும், அனைவரும் ஞானஸ்நானம் பெறட்டும், பழைய தெய்வங்களை மறைவில் வழிபடுவதைத் தடுக்க வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். உள்நாட்டுப் போர் நின்றது. தன் கடவுளை விட்டுக்கொடுத்துத் தன் நாட்டின் ரத்தத்தைக் காத்த மனிதர் தோர்ஸின் காலத்திலேயே, தோர்ஸ் வாழ்ந்த நாட்டிலேயே இருந்தார். வைக்கிங் ஒருவனால் சமாதானத்தை யோசிக்க முடியாது என்பது வைக்கிங்குகளைப் பற்றிய அறிவு கிடையாது. கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட படங்களிலிருந்து வந்த எண்ணம்.

தோர்ஃபின் கார்ல்செஃப்னி என்ற மனிதரும் ஐஸ்லாந்துச் சாகாக்களில் இருக்கிறார். மனைவி குத்ரித்தோடும் குடியேறிகளோடும் கடல் கடந்து வட அமெரிக்காவின் வின்லாண்டுக்குப் போனவர். அங்கே பிறந்த மகன் ஸ்னோரி. கனடாவின் லான்ஸ் ஓ மெடோஸில் வைக்கிங்குகளின் குடியிருப்பை 1960-களில் தோண்டியெடுத்தார்கள். அங்கே இரும்புக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகளின் ஆண்டை 2021-இல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள்: 1021. கார்ல்செஃப்னியின் குடியேற்றம் நிலைக்கவில்லை. மண்ணின் மக்களோடு மோதல் வந்தது. பயத்தோடு வாழ முடியாது என்று கார்ல்செஃப்னி திரும்பிவிட்டதாகச் சாகா சொல்கிறது. யுகிமுரா இந்த முடிவை அறியாமல் எழுதவில்லை. தோற்கப்போகும் கனவு என்று தெரிந்தே அதைத் தன் நாயகன் தோளில் வைத்தார். வெற்றி உறுதியானால் மட்டுமே அறம் செல்லும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதை விளங்காது.

கட்டுரையாளரின் யதார்த்தவாதம் பெருமையோடு கேட்கும் கேள்வி, சமாதானம் பேசியவன் என்ன கட்டினான் என்பது. அதே கேள்வியை நான் வாள் பிடித்தவனிடம் கேட்கிறேன். கனூட் இங்கிலாந்து, டென்மார்க், நார்வே மூன்றையும் ஒரு குடைக்கீழ் ஆண்டான். 1035-இல் இறந்தான். நார்வே அதே ஆண்டு கைநழுவியது. மகன் ஹரால்ட் 1040-இல் செத்தான், இன்னொரு மகன் ஹார்தக்கனூட் 1042-இல் செத்தான். இங்கிலாந்தின் அரியணையில் எட்வர்ட் ஏறினார். அவர் யார்? கனூட்டின் குடும்பம் எந்த எதெல்ரெட்டைத் துரத்தி நாட்டைப் பிடித்ததோ, அந்த எதெல்ரெட்டின் மகன். எரிந்த ஊர்கள், 72,000 பவுண்டு, அசாண்டூனில் மாண்டவர்கள் எல்லாவற்றுக்கும் ஈடாக வந்தது, கனூட் போன பின் ஏழு ஆண்டு. கார்ல்செஃப்னியோ ஐஸ்லாந்துக்குத் திரும்பிப் பண்ணை வைத்தார். அவர் வம்சத்தில் ஐஸ்லாந்தின் ஆயர்கள் வந்தார்கள் என்று சாகா பெயர் சொல்லி முடிகிறது.

போர்தான் யதார்த்தம், சமாதானம் கனவு என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு எழுதட்டும். கொன்றவனின் சாமர்த்தியத்தை எழுதும்போது செத்தவர்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதட்டும். அதைச் செய்யாத விமர்சனம் ஒரு படைப்பைத் தவறாகப் படிப்பதோடு நிற்பதில்லை. கொலையைப் பொறுப்பு என்றும், கொல்ல மறுப்பதைக் கோழைத்தனம் என்றும் வாசகனுக்குப் பழக்கிவிடுகிறது. அந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் யுகிமுரா இருபது ஆண்டுகள் உட்கார்ந்து வரைந்தார். அதையே மறுபடி வாசகனுக்கு ஊட்டும் ஒரு கட்டுரைக்கு மறுப்பு எழுதாமல் விடுவது தவறு என்பதால் எழுதினேன்.